வெற்றி பெற்றவர்கள் ஏன் விழக் கற்றுக்கொள்கிறார்கள்

தற்காப்புக் கலை கற்பிக்கும் எந்தக் கூடத்தின் விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒழுக்கம், தன்னம்பிக்கை, மன ஒருமைப்பாடு, உடல்நலம் ஆகிய சொற்களில் இரண்டு மூன்றாவது கண்ணில் படும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு அவை போதும். ஆனால், ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அறுவை சிகிச்சை நிபுணரோ, ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தலைவரோ இடுப்பில் தொடக்கநிலை மாணவருக்குரிய வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தம் மகன் வயதுள்ள ஒருவனிடம் கழுத்தைக் கொடுக்க வந்து நிற்பதை அந்தச் சொற்கள் விளக்கிவிடுவதில்லை. ஒழுக்கம் இல்லாதவர் அந்த உயரத்துக்கு வந்திருக்கவே மாட்டார். தன்னம்பிக்கைக்கும் அவரிடம் பஞ்சம் இருக்காது. உடல்நலம்தான் நோக்கம் என்றால் நடையும் நீச்சலும் இதைவிட எளியவை, மூட்டுகளுக்கும் பாதுகாப்பானவை. அப்படியிருக்க, வலியும் தோல்வியும் நிச்சயமாகக் கிடைக்கும் ஓரிடத்துக்கு, வாழ்க்கையில் தோற்க வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் ஏன் தேடி வருகிறார்கள் என்பதுதான் விசாரிக்க வேண்டிய கேள்வி.

எதிராளியைத் தரையில் பிடித்து அழுத்திப் பணியவைக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் மல்லுக்கட்டுக் கலையை நானும் சில ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். பெரிய வீரன் அல்லன். ஆனால் இப்படிப்பட்டவர்கள் பலரை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்திருக்கிறது. அவர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வருகிறார்கள் என்பதைவிட, வெற்றி தங்களிடமிருந்து சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்ட ஒன்றைத் திரும்பப் பெறவே வருகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதவி உயர உயர ஒருவரைச் சுற்றியுள்ள பேச்சின் சுருதி மாறிவிடுகிறது. அவர் சொல்லும் சுமாரான நகைச்சுவைக்கும் அறை முழுவதும் சிரிக்கிறது. அவரிடம் வந்து சேரும் அறிக்கை பலர் கைபட்டு, கூர் மழுங்கிய பிறகே வருகிறது. ‘இது சரிவராது’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போகிறார்கள், அல்லது சொல்லிப் பயனில்லை என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். இடித்துரைப்பார் அருகில் இல்லாதவன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்று பள்ளி வயதிலேயே நாம் படித்துவிட்டோம். ஆனால் அந்த இடித்துரைப்பாரை எங்கே போய்த் தேடுவது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்நிலையில் எடுக்கப்படும் முடிவுகளின் பலன் தெரியவே பல ஆண்டுகள் ஆகின்றன; அதற்குள் வட்டி விகிதம், அரசின் கொள்கை, போட்டியாளரின் தடுமாற்றம் என்று எத்தனையோ அதில் வந்து கலந்துவிடுகின்றன. வென்றால் தம் திறமை என்றும் தோற்றால் காலத்தின் கோலம் என்றும் சொல்லிக்கொள்ள எவருக்கும் இடமிருக்கிறது. இப்படியே பத்து இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்குத் தம்மைப் பற்றிய சரியான அளவே மறந்துபோவதில் வியப்பில்லை.

பயிற்சிக்கூடத்துப் பாயின் மேல் அப்படிச் சாக்குச் சொல்ல இடம் கிடைப்பதில்லை. எங்கள் கூடத்துக்கு வரும் ஒருவர் பெரிய நிறுவனமொன்றின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு அடிக்கடி இணையாக அமைபவன் ஒரு கல்லூரி மாணவன். பாய்க்கு வெளியே அவரை ‘சார்’ என்றுதான் அழைப்பான். பாயின் மேலும் ‘சார்’தான், அப்படி அழைத்துக்கொண்டே அவருடைய மார்புக்குக் குறுக்கே தன் முழு எடையையும் இறக்கிவிடுவான். ‘சைடு கண்ட்ரோல்’ எனப்படும் இந்தப் பிடியில், மேலே இருப்பவன் தன் தோளால் கீழே இருப்பவரின் தாடையை ஒருபுறமாகத் தள்ளி முகத்தைத் திருப்பிவிடுவான். முகம் ஒரு பக்கம் திரும்பிவிட்டால் உடல் மறுபக்கம் புரளாது. கீழே இருப்பவர் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மேலே உள்ள எடை இன்னும் சற்று இறங்கும். அடுத்த மூச்சுக்கு நெஞ்சில் இடம் குறையும். இந்த நிலையில் புதியவர்கள் பெரும்பாலும் ஒன்றையே செய்கிறார்கள். இரண்டு கைகளையும் நீட்டி, இருக்கும் பலம் அனைத்தையும் திரட்டி, மேலே இருப்பவனைத் தள்ளப் பார்க்கிறார்கள். அவன் காத்திருந்ததே அந்த நீட்டிய கைக்காகத்தான். கையைப் பற்றிச் சுழன்று, முழங்கையைப் பின்னோக்கி வளைக்கத் தொடங்கினால், எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு மூன்று முறை தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த மாணவன் அவரிடம் சொன்னது இது: “சார், தள்ளாதீங்க. மொதல்ல மூச்ச விடுங்க. முழங்கைய ஒடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு பக்கவாட்டுல திரும்புங்க.” அவர் அப்படியே செய்தார். முன்கையை எதிராளியின் கழுத்துக்கும் இடுப்புக்கும் குறுக்கே முட்டுக் கொடுத்து, காலை ஊன்றி, இடுப்பை ஒரு சாண் அளவு பின்னால் இழுத்தார். அந்த ஒரு சாண் இடைவெளியில் முழங்காலை நுழைத்ததும் நிலைமை மாறியது. தப்பித்துவிடவில்லை, ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வகுப்பு முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, “இந்தப் பையன் ஒரு மணி நேரத்துல எங்கிட்ட சொல்ற குறைய எங்க ஆபீஸ்ல ஒரு வருஷத்துல யாரும் சொல்றதில்ல” என்றார். அவர் குரலில் மனக்குறை எதுவும் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

வெல்வதும் தோற்பதும் அங்கே முக்கியமில்லை. நெருக்கடியில் தானாக எழும் முதல் உந்துதல் பெரும்பாலும் நம்மை இன்னும் ஆழமாகச் சிக்கவைக்கும் என்பதை உடம்பு நேரடியாக அறிந்துகொள்கிறது. இதைப் பயிலரங்கில் பத்து முறை கேட்கலாம். குறிப்பேட்டில் எழுதியும் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சின் மேல் எண்பது கிலோ படுத்திருக்கும்போது நினைவுக்கு வருமா என்பது வேறு கேள்வி. பழகப் பழக வருகிறது. முதலில் மூச்சு, பிறகு சிறிய இடைவெளி, பிறகு அடுத்த அசைவு என்ற வரிசை எண்ணத்தின் உதவியில்லாமலேயே நடக்கத் தொடங்குகிறது.

நெல்சன் மண்டேலா இதன் இன்னொரு பக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1952-இல் ஆலிவர் டாம்போவுடன் சேர்ந்து ஜோகன்னஸ்பர்க்கில் சட்ட அலுவலகம் தொடங்கிய அவர், அந்தக் காலத்திலேயே மாலை வேளைகளில் அந்நகரை அடுத்த ஒர்லாண்டோவில் இருந்த சமூகக் கூடம் ஒன்றில் குத்துச்சண்டை பழகினார். குத்துச்சண்டையின் வன்முறை தம்மைக் கவரவில்லை என்றும், தாக்குதலுக்கும் பின்வாங்கலுக்குமான உத்தியும் ஒரு போட்டி முழுவதும் தாக்குப்பிடிக்கும் விதமுமே தம்மை ஈர்த்தன என்றும் தம் தன்வரலாற்றில் அவர் சொல்கிறார். வளையத்துக்குள் பதவியும் வயதும் நிறமும் செல்வமும் பொருளற்றுப்போகின்றன என்பது அவருடைய கருத்தின் சாரம். நிறத்தை வைத்தே மனிதனின் இடம் தீர்மானிக்கப்பட்ட நாட்டில் வாழ்ந்தவர் அதைச் சொல்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. சமத்துவம் கீழே தள்ளப்பட்டவருக்கு ஏன் தேவை என்பது எல்லாருக்கும் புரியும். மேலே ஏற்றிவைக்கப்பட்டவருக்கும் அதே சமத்துவம் ஒரு தேவையாகிறது என்பதைத்தான் நான் கூடத்தில் பார்க்கிறேன். அவர் தேடுவது நியாயத்தை அன்று, தம் உண்மையான அளவை. ராபன் தீவுச் சிறையிலும் மண்டேலா குத்துச்சண்டைக்காரருக்குரிய பயிற்சியை விடவில்லை. தம் அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் நாற்பத்தைந்து நிமிடம் வரை ஓடுவார். விரல் நுனிகளில் உடலைத் தாங்கி நூறு தண்டால், பிறகு இருநூறு முறை படுத்தெழும் பயிற்சி. எதிராளியும் வளையமும் இல்லாமல் போன பிறகும் மிஞ்சியிருக்கக்கூடியதை அவர் அப்படித் தக்கவைத்துக்கொண்டார்.

மெட்டா நிறுவனத்தின் மார்க் சக்கர்பெர்க் சொன்ன காரணம் இதைவிட எளிமையானது, எனக்கு மிகவும் நம்பகமாகப் பட்டதும் அதுதான். ஓட்டப் பயிற்சியில் யோசிப்பதற்கு நேரம் நிறையக் கிடைத்துவிடுகிறது என்பது அவருடைய குறை. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் குவிந்திருக்கும் செய்திகள் அத்தனையும் ஓடும்போதும் கூடவே ஓடிவரும். முழுக் கவனத்தையும் கேட்கும் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு நொடி கவனம் பிசகினால் அடியில் கிடக்க நேரும் மல்லுக்கட்டு அதற்குப் பொருத்தமாக அமைந்தது. கண்ணை மூடி உட்கார்ந்து தியானம் செய்ய முடியாத பலருக்கு இது கைகூடிவருவதை நானும் கண்டிருக்கிறேன். மனத்தை அடக்கு என்று சொன்னால் அது அடங்குவதில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கை வரும்போது நாளைய கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் தானாகவே மறைந்துவிடுகிறது.

இவையெல்லாம் பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்த விளம்பர வாசகங்கள் என்று நினைப்பவர்கள் ஜூடோவின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதை உருவாக்கிய கானோ ஜிகோரோ ஒரு போர்வீரர் அல்லர், ஆசிரியர். 1860-இல் பிறந்த அவர் சிறு உடற்கட்டு உடையவர். மாணவப் பருவத்தில் முரடர்களிடம் அடிபட்டதால்தான் ஜூஜுட்சு என்னும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கப் போனார். டோக்கியோ பல்கலைக்கழகப் படிப்பை முடித்த மறு ஆண்டே, 1882-இல், எய்ஷோஜி என்ற புத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு அறையில் கோடோகான் என்னும் தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சி உயர்கல்லூரிக்கு நெடுங்காலம் தலைமை வகித்தார். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். உடம்பையும் மனத்தையும் மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துவது, தானும் பிறரும் ஒருங்கே வளர்வது என்ற இரண்டையும் தம் கலையின் நோக்கங்களாக அவர் எழுதிவைத்தார். கராத்தேயை ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுவந்து, 1922-இல் டோக்கியோவில் செய்துகாட்டிய ஃபுனாகோஷி கிச்சினும் பள்ளி ஆசிரியரே. உலகம் முழுவதும் பரவிய இரண்டு கலைகளின் வேரிலும் வகுப்பறை இருக்கிறது என்பது தற்செயலன்று.

கானோ செய்த மாற்றங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது தத்துவம் அன்று, ஒரு நடைமுறை. பழைய ஜூஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் அவர் ‘கட்டா’ என்னும் ஒழுங்கமைந்த பயிற்சிக்குள் ஒதுக்கிவைத்தார். எஞ்சியவற்றை, இருவரும் முழு பலத்தோடு ஒருவரையொருவர் எதிர்த்துப் பழகும் ‘ரன்டோரி’க்கு எடுத்துக்கொண்டார். பார்ப்பதற்கு இது கலையின் கடுமையைக் குறைத்தது போலத் தோன்றும். நடந்ததோ நேர்மாறானது. கொல்லக்கூடிய அடியை யாரிடமும் முழு வேகத்தில் பழகிப் பார்க்க முடியாது; ஆகையால் அது பலிக்குமா என்பது கடைசிவரை நம்பிக்கையின் பாற்பட்டதாகவே இருந்துவிடும். எதிராளிக்குக் கேடு வராத வீச்சை ஆயிரம் முறை, ஆயிரம் பேரிடம், அவர்கள் உண்மையாகவே எதிர்க்கும்போது போட்டுப் பார்க்கலாம். பாதுகாப்பு இருப்பதனால்தான் அங்கே உண்மை வெளிப்படுகிறது. தவறு செய்தால் வேலை போகாது, பெயர் கெடாது, எலும்பும் பெரும்பாலும் முறியாது. ஆனால் தவறு தவறுதான் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் பெரியவர்களின் வாழ்க்கையில் மிகக் குறைவு. அலுவலகத்தில் உண்மை தெரிய வரும்போது விலை அதிகம். விலை இல்லாத இடங்களில் உண்மை வருவதில்லை.

அந்தப் பாதுகாப்பின் முதல் பாடம் விழுவது. ஜூடோவில் ஒருவரைத் தூக்கி எறியக் கற்பதற்கு முன்பே ‘உகேமி’ என்னும் விழும் முறையைக் கற்றுத் தருகிறார்கள். கீழே விழும்போது கையை ஊன்றித் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு. அப்படி ஊன்றினால் மணிக்கட்டோ காறையெலும்போ போய்விடும். ஆகவே தாடையை நெஞ்சோடு சேர்த்து, இடுப்பில் உள்ள பெல்ட்டின் முடிச்சைப் பார்த்தபடி, முதுகை வளைத்து, முழுக் கையையும் உடலிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கை கீழாகப் பாயை ஓங்கி அறைய வேண்டும். பலமாக ஒலி எழும். அடியின் வேகம் உடம்பில் ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும். புகழ்பெற்றவர்கள் புதிதாகச் சேரும்போது திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பலம் குறைவு என்பதனால் அன்று. விழுவதற்குச் சம்மதிக்க மனம் வராததனால். விழமாட்டேன் என்று விறைத்து நிற்பவரைத்தான் தூக்கி எறிவது எளிது, அவருக்குத்தான் காயமும் அதிகம்.

தொடக்கநிலை மாணவனாக இருப்பது என்ற அனுபவமும் வெற்றி பறித்துக்கொள்பவற்றுள் ஒன்று. ஒரு துறையில் இருபது ஆண்டுகள் கழித்தவர் தமக்குத் தெரியாத ஒன்றைப் பொதுவெளியில் செய்யும் வாய்ப்புகளைத் தாமறியாமலேயே தவிர்த்துவிடுவார். சமையற்கலைஞரும் எழுத்தாளரும் தொலைக்காட்சிப் பயணியுமான அந்தோணி போர்டெய்ன், ஐம்பத்தெட்டு வயது வாக்கில்தான் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இறங்கினார். 2016-இல் நியூயார்க்கில் நடந்த போட்டியொன்றில், தம் வயதுப் பிரிவில் நீல பெல்ட் நிலையில் தங்கமும் வென்றார். நடிகர் டாம் ஹார்டி 2022-இல் மில்டன் கீன்ஸ் நகரில் நடந்த போட்டியில், ‘எட்வர்ட்’ என்ற தம் இயற்பெயரில் பதிவு செய்துகொண்டு கலந்து வென்றது செய்தியாயிற்று. நடிகர் எட் ஓ’நீல் 1990களின் தொடக்கத்தில் பழகத் தொடங்கி, 2007-இல், அறுபத்தொரு வயதில், ரோரியன் கிரேசி என்ற ஆசானிடம் கறுப்பு பெல்ட் பெற்றார். இந்தக் கலையில் பெரியவர்களுக்குக் கறுப்பு வரை வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று ஐந்தே நிறங்கள். வாரம் சில நாள் தவறாமல் வருபவருக்கும் கறுப்பை எட்டப் பத்தாண்டு ஆவது சாதாரணம். பணத்தாலோ செல்வாக்காலோ சுருக்க முடியாத கால அளவு ஒன்று இருக்கிறது என்பதே, எதையும் ஆள் வைத்து முடித்துப் பழகியவர்களுக்குப் புதிய செய்தி.

சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற ஜோஷ் வெய்ட்ஸ்கின் இதில் இன்னொரு வகை. இளைஞர் பிரிவில் அமெரிக்காவின் முன்னணி ஆட்டக்காரராக இருந்தவர், தாய்-ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையில், இருவர் ஒருவரையொருவர் தள்ளி நிலைகுலைக்கப் பார்க்கும் ‘புஷ் ஹேண்ட்ஸ்’ பிரிவுக்கு மாறி, 2004-இல் தைவானில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்றார்; பின்னர் மார்செலோ கார்சியா என்ற ஆசானிடம் ஜியு-ஜிட்சுவில் கறுப்பு பெல்ட்டும் பெற்றார். தாய்-ச்சி மரபில், செங் மான்-சிங் என்ற ஆசான் வழியாக வந்த பாடம் ஒன்று உண்டு: இழப்பில் முதலீடு செய். தள்ளப்படும்போது எதிர்த்துத் தள்ளாமல், தள்ளப்படுவதற்கு இடம் கொடுத்து, அந்த விசை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லும் பாடம் அது. சில மாதங்கள் எல்லாரிடமும் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். முதலீடு என்ற சொல்லோடு நாள் முழுவதும் புழங்கும் தொழிலதிபர்களுக்கு இந்தப் பாடம் வேகமாகப் புரியும் என்று நான் நினைத்ததுண்டு. புரிகிறது; செய்யத்தான் முடிவதில்லை. தோற்கும் ஒவ்வொரு முறையும் பழைய பலத்தைக் கொண்டே மீண்டுவிடத் துடிக்கிறார்கள்.

அதிகாரத்தின் உச்சியில் இருந்துகொண்டே இதைச் செய்தவர் என்று அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சொல்ல வேண்டும். கானோவின் தொடக்ககால மாணவர்களில் ஒருவரான யமாஷிதா யோஷித்சுகு, 1904-இல் வெள்ளை மாளிகையிலேயே அவருக்கு ஜூடோ கற்பித்தார். ரூஸ்வெல்ட் உருவத்தில் பெரியவர், யமாஷிதா சிறியவர். தூக்கி எறியப்பட்டவர் அதிபர்தான். அதிபர் பதவியில் இருந்தபோது குத்துச்சண்டைப் பயிற்சியில் விழுந்த அடியால் இடக்கண் பார்வை கெட்டுப்போனவரும் இதே ரூஸ்வெல்ட்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சக்கர்பெர்க் 2023 மே மாதம் தம் முதல் ஜியு-ஜிட்சு போட்டியில் தங்கமும் வெள்ளியும் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் பயிற்சியின்போது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இந்தக் கணக்கின் இரண்டு பக்கங்களையும் பார்க்காமல் யாரும் சேரக் கூடாது. மூளையை வைத்துப் பிழைப்பவர்கள் தலையில் பலமாக அடிவாங்கும் ஸ்பாரிங் என்னும் பயிற்சிச் சண்டையைத் தவிர்த்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மல்லுக்கட்டு வகைகளிலோ, தொட்டும் தொடாமலும் அடிக்கும் பயிற்சியிலோ கிடைக்காத பக்குவம் எதுவும் அந்த அடியில் இல்லை.

இனி, இதற்கு எதிரான வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றி பெற்றவர்கள் தற்காப்புக் கலை பழகுகிறார்கள் என்பதிலிருந்து, பழகினால் வெற்றி வரும் என்று முடிவு கட்டுவது தவறு. அவர்களுக்கு நேரத்தைத் தாமே ஒதுக்கிக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது. தனிப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் கிடைக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் பழகியும் ஊர் அறியாமல் வாழ்ந்து மறைந்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. பழகினால் குணம் திருந்தும் என்பதும் தானாக நடப்பதன்று. ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் சிறுவயது முதல் ஜூடோ பழகியவர். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கியதும், சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு அவரைக் கௌரவத் தலைவர் நிலையிலிருந்து இடைநிறுத்தியது. 2013-இல் அவருக்கு அளித்திருந்த கௌரவ ஒன்பதாம் டான் (கறுப்பு பெல்ட்டுக்குள் உள்ள படிநிலை) கறுப்பு பெல்ட்டை உலக டேக்வாண்டோ அமைப்பு திரும்பப் பெற்றுக்கொண்டது. இதில் என்னை உறுத்துவது பெல்ட் பறிக்கப்பட்டதை விட, அது கொடுக்கப்பட்டதுதான். பாயில் ஒரு நாளும் டேக்வாண்டோவுக்காக வியர்க்காதவருக்கு, நாட்டின் தலைவர் என்பதற்காக அதன் மிக உயர்ந்த நிலைகளில் ஒன்றை வழங்குவது, அலுவலகத்தில் நடக்கும் முகத்துதியைக் கூடத்துக்குள் கொண்டுவருவதே ஆகும். அதிகாரம் பாயையும் வளைக்கும். வளைந்துவிட்ட பாயில் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

மாறாக, 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஒலிம்பிக் அது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங், ஜப்பானின் கமினாகா அகியோவைத் தரையோடு பிடித்து அழுத்தி வென்றார். ஜப்பானியர்களின் அரங்கில், ஜப்பானியர்களின் கலையில் கிடைத்த வெற்றி. மகிழ்ச்சி தாளாமல் பாயை நோக்கி ஓடிவந்த தம் நாட்டவரைக் கீசிங் கையை உயர்த்தித் தடுத்து நிறுத்தினார். எதிராளிக்கு முறைப்படி வணக்கம் செலுத்திய பிறகே வெளியேறினார். வாழ்க்கையின் மிகப் பெரிய நொடியில், யோசிக்க நேரமில்லாத நிலையில் அந்தக் கை உயர்ந்ததற்குப் பின்னால், தினந்தோறும் வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் எதிரில் இருப்பவருக்குத் தலைவணங்கிய பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அதே பழக்கம் வெறும் சடங்காகவும் போய்விடக்கூடும். எது சடங்கு, எது பழக்கம் என்பது அந்தக் கூடத்தை நடத்துபவரைப் பொறுத்தது.

ஆகவே சேர நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது எந்தக் கலை என்பதைவிட எந்தக் கூடம் என்பதைப் பற்றியதுதான். கராத்தே, ஜூடோ, சிலம்பம், குத்துச்சண்டை, ஜியு-ஜிட்சு எதுவானாலும், எதிரில் நிற்பவர் உண்மையாக எதிர்க்கும் பயிற்சி வாரத்தில் ஒரு முறையாவது இருக்க வேண்டும். காற்றில் குத்தியும் உதைத்தும் மட்டுமே ஆண்டுகளைக் கழித்தால் உடம்பு தேறும், மேலே சொன்னவை நிகழா. சேருவதற்கு முன் ஒரு வகுப்பு முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மூத்த பெல்ட்காரர் நேற்று வந்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறார், தட்டியவுடன் பிடி விடப்படுகிறதா, மாஸ்டரிடம் யாராவது கேள்வி கேட்கிறார்களா, கேட்டால் அவர் முகம் எப்படி மாறுகிறது, பணக்கார மாணவருக்கும் மற்றவர்களுக்கும் திருத்தங்கள் ஒரே குரலில் சொல்லப்படுகின்றனவா என்று கவனியுங்கள். முக்கியமாக, மாஸ்டரே தம் மாணவர்களோடு பாயில் இறங்குகிறாரா என்று பாருங்கள். வயதும் பழைய காயங்களும் காரணமாக இறங்காதவர்கள் உண்டு, அது வேறு. யாரிடமும் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக ஓரத்தில் நின்றபடியே பேசிக்கொண்டிருக்கும் மாஸ்டரின் கூடமாக இருந்தால், சேர்க்கைப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே எழுந்து வந்துவிடலாம்.